பனியைப் பார்க்கப் போன செக்கர்

வாலாஜாபேட்டையிலிருந்து வரும் பஸ் ஆம்பூர் ஸ்டாண்டுக்குள் திரும்பும்போதே கண்டக்டர் படியில் நின்று என்னைத் தேடினார். வழக்கமாக நான்தான் அவரைத் தேடிப் போவேன். வாலாஜாபேட்டையில் தங்கை வீட்டில் இருக்கும் ஆசீர்வாதம் ஏதாவது சொல்லி அனுப்பினாரா என்று கேட்பேன். அன்றைக்கு அவரே இறங்கி வந்து, நான் உட்காரும் சிமெண்டுப் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். டிக்கெட் பையை மடியில் வைத்துக்கொண்டார். "பெரியவரே, உங்க தோஸ்த்து இறந்துட்டாரு. முந்தாநேத்து. அடக்கமும் ஆயிடுச்சாம்," என்றார். பஸ் கிளம்பும் நேரம் தாண்டியும் அவர் விசில் ஊதவில்லை. டிரைவரும் ஹாரன் அடிக்கவில்லை. கடைசியில் நான்தான், "போ நைனா, ஜனம் காத்திருக்குது," என்றேன்.

ஆசீர்வாதத்தின் தங்கை வீட்டாருக்கு என்னைத் தெரியும். நான் இருக்கும் தெரு தெரியாது. என்னிடம் போன் கிடையாது. கண்டக்டருக்கும் அந்த இரண்டு நாள் டூட்டி இல்லை. சொல்லி அனுப்ப அவர்களுக்கு வழி இல்லாமல் போயிற்று, அதில் யார் மேலும் குறை இல்லை. மறுநாள் அதே பஸ்ஸில் போனேன். கல்லறைத் தோட்டத்தில் ஈர மண்ணும், வாடத் தொடங்கியிருந்த சாமந்தி மாலைகளும்தான் எனக்குக் கிடைத்தன. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். ஷூ கம்பெனியில் அவரோடு வேலை செய்தவர்களும், சர்ச்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பாடியவர்களும் இதைப் படிப்பீர்கள் என்று பாஸ்டர் ஐயா சொன்னார். நேரில் அவரை "யோவ்" என்றே கூப்பிட்டுப் பழகியவன் நான். எழுத்தில் "அவர்" என்றே இருக்கட்டும்.

உங்களில் பலருக்கு ஆசீர்வாதம் என்றால் சரியில்லை என்று அவர் தள்ளின ஷூ ஜோடிகள்தான் ஞாபகம் வரும். எனக்கும் அப்படித்தான் பழக்கம் ஆனார். நான் தோல் ஷாப்பில் டிரம் ஆள். பச்சைத் தோல் சுத்தி சுத்திப் பதமாகி வருகிற பெரிய மர டிரம் என் பொறுப்பு. அங்கே தோல் பார்த்து எடுக்க ஷூ கம்பெனியிலிருந்து செக்கராக வந்தவர் அவர். ஒரு நாள் என் டிரம்மில் வந்த தோலில் பாதியை ஒதுக்கிவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் உருதுவும் தமிழும் கலந்து திட்டினேன். அவர் ஒரு தோலை எடுத்து என் கையில் கொடுத்து மடிக்கச் சொன்னார். மடித்த இடத்தில் மேல் தோல் தனியாகக் கிளம்பிச் சுருங்கியது. "உன் மேல இன்னா எனக்குக் கோவம்? தோல் சொல்லுது, நான் தள்றேன்," என்றார். "தோலுக்கு வாய் இருந்தா மொதல்ல உன்னைத்தான்யா திட்டும்," என்றேன். அதற்குச் சிரித்தார். அன்று சாயங்காலம் ஸ்டாண்டில் டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு எத்தனையோ தடவை என் தோலைத் தள்ளியிருக்கிறார். அந்த டீ மட்டும் நிற்கவே இல்லை.

அவர் பெண்டாட்டி செலின் அதே ஷூ கம்பெனியில் தையல் லைனில் இருந்தாள். தொண்ணூறுகளின் நடுவில் வெளிநாட்டுக்குப் பெண்கள் போடும் பனிக்கால பூட்ஸ் ஒன்று பெரிய ஆர்டராக வந்தது. கணுக்காலுக்கு மேல் ஏறும், உள்ளே ரோமம் வைத்த பூட்ஸ். சித்திரை வெயிலில் ஃபேன் காற்றும் கொதிக்கும்போது அந்த ரோமத்தை மடியில் போட்டுத் தைப்பார்கள். கம்பளிப் பூச்சியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்த மாதிரி இருக்குது என்பாள் செலின். அவள் தைத்த ஒரு ஜோடி அவர் மேஜைக்கு வந்தது. குதிகால் பின்னால் மேலிருந்து கீழே இறங்கும் தையலில் ஒரே ஒரு இடத்தில் தையல் விட்டு நூல் தாண்டியிருந்தது. அவர் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளிவிட்டார். யார் தைத்தது என்று தெரிந்தே தள்ளினார். அதைக் கம்பெனி முழுக்கப் பேசினார்கள். நீங்களும் பேசியிருப்பீர்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். செலின் எனக்கு மட்டும் பார்த்துப் பார்த்துப் பரிமாறினாள். அவருக்குப் பாத்திரத்தை நகர்த்தி வைத்ததோடு சரி. சாப்பாடு பாதியில் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அண்ணா, இவரு பனியைக் கண்டிருக்காரா, கேளு."

நான் வாயில் சோறோடு அவரைப் பார்த்தேன். அவர் ரசத்தைப் பார்த்தார்.

"காணலைல்ல? கண்டுட்டு வந்து தள்ளச் சொல்லு. அந்தப் பனியில நடந்து என் தையல் பிரிஞ்சா, நான் மெஷினையே தொட மாட்டேன்."

"பனி வரைக்கும் எதுக்குப் போவணும்? இங்கயே தாண்டியிருக்குது," என்றார் அவர்.

"தாண்டினா தாண்டுது. பிரிஞ்சுச்சா?"

அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டார். அந்தச் சண்டை ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. ஆனால் அந்தக் கேள்வி ஆறவில்லை. வேறு எதற்குச் சண்டை வந்தாலும் செலின் கடைசியில் அங்கேதான் வந்து நிற்பாள். "பனியைக் கண்டுட்டு வந்து பேசு."

சில வருஷம் கழித்து செலின் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பின பிறகு, அவளுடைய புடவைகளைத் தன் தங்கைக்குக் கொடுக்க டிரங்குப் பெட்டியைத் திறந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். புடவைகளுக்கு அடியில் ஒரு மஞ்சள் பையில் அந்த பூட்ஸ் ஜோடி இருந்தது. தள்ளின சரக்கை வருஷத்துக்கு ஒருமுறை வேலைக்காரர்களுக்கே விற்பார்கள் அல்லவா? அதில் போய் அவளே வாங்கி வைத்திருக்கிறாள். குதிகால் பின்னால் சிவப்பு அம்பு அப்படியே இருந்தது. அவர் அழுவார் என்று நினைத்தேன். அவர் பூட்ஸை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், தாண்டின இடத்தில் கட்டை விரலை வைத்து அழுத்தி அழுத்திப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ரத்தினம், பனி எங்கய்யா கிடைக்கும்?" என்று கேட்டார்.

எங்கள் பயணத் திட்டம் அன்றைக்கு ஆரம்பித்தது. அதற்குப் பல வருஷம் பிடித்தது. அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற வேண்டியிருந்தது. எனக்கும் அப்போது வீட்டுக்காரி போய்விட்டிருந்தாள், மகன் ஓசூரில் இருந்தான். வேலை விட்டதும் இரண்டு பேரும் நேராக வீட்டுக்குப் போக மாட்டோம். வீட்டில் என்ன இருக்கிறது? ஸ்டாண்டில் இந்தச் சிமெண்டுப் பெஞ்சில் வந்து உட்காருவோம். ஊட்டிக்குப் போனால் பனி இருக்குமே என்று பலர் சொன்னார்கள். விசாரித்தார். அங்கே தை மாதம் விடியற்காலையில் புல் மேல் உப்புத் தூவின மாதிரி இருக்கும், வெயில் பட்டதும் போய்விடும் என்று தெரிந்தது. "உப்பு மேல நடக்கறதுக்கா செலின் தைச்சா?" என்று அதைத் தள்ளிவிட்டார். பனியைக் கூடத் தள்ளின செக்கர் அவர் ஒருவர்தான்.

பஞ்சாபிலிருந்து பச்சைத் தோல் ஏற்றி வரும் ஒரு சர்தார்ஜி லாரி டிரைவர் எங்களுக்கு வழி சொன்னார். தோல் ஷாப்பில் கற்ற உருது எனக்கு இருந்ததால் நான் கேட்டு, ஆசீர்வாதத்துக்குத் தமிழில் சொல்வேன். டெல்லி வரை ரயில். அங்கிருந்து பஸ். சண்டிகர், கால்கா, சோலன், சிம்லா. அதற்கு மேல் சின்ன பஸ் மாறி, தியோக், நார்கண்டா, ராம்பூர். ராம்பூருக்கு மேலே மலை இன்னும் போகும் என்றார். டாக்ஸி வைத்தால் சுலபம் என்றார் சர்தார்ஜி. ஆசீர்வாதம் ஒத்துக்கொள்ளவில்லை. டாக்ஸிக்காரன் அவனுக்குப் பிடித்த இடத்தில் நிறுத்துவான், பஸ் என்றால் அந்த ஊர் ஜனம் இறங்குகிற இடத்தில் நிற்கும், அங்கேதான் நிஜமாக நடக்கிற பனி இருக்கும் என்பது அவர் கணக்கு. மார்கழியில் மழை மாதிரி விழும், தையில் இறுகும், தையில் வாங்க என்று சர்தார்ஜி சொன்னதை வைத்து மாதத்தையும் முடிவு செய்தார்.

இதில் எதையும் அவர் எழுதி வைக்கவில்லை. "உன் தலைதான்யா எனக்கு டைரி," என்பார். தினமும் சாயங்காலம் கேட்பார், நான் சொல்வேன். சோலனுக்கு அப்புறம்? சிம்லா. அங்க எந்த ஸ்டாண்டு? மேல் பக்கத்து பஸ்ஸுக்கு வேற ஸ்டாண்டு, விசாரிச்சு நடந்து போவணும். பெஞ்சில் வந்து உட்காரும் மற்றவர்கள் நாங்கள் அடுத்த வாரமே கிளம்புகிறோம் என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படியே வருஷங்கள் போயின. இரண்டு பேரும் போக மாட்டோம், பேசிக்கொண்டே இருப்போம் என்றுதான் எனக்குத் தோன்றியது. அதுவும் நன்றாகத்தான் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

போகும் முன் ஜோடியைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றார். வாலாஜாபேட்டையில் அவருடைய தங்கை வீட்டுக்காரருக்குத் தெரிந்த ஐஸ் கம்பெனி ஒன்று இருந்தது. போனோம். பெரிய ஐஸ் கட்டி ஒன்றின் மேல் பூட்ஸை வைத்து, பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஐஸ்காரர் வந்து, "இன்னாங்க இது, இந்த ஐஸ் கல்யாண வீட்டு ஜூஸுக்குப் போவுது," என்று எங்கள் இருவரையும் விரட்டினார். வெளியே வந்து பார்த்தால் தோல் ஈரத்தில் விறைத்துப் போயிருந்தது. எந்தத் தோல்காரனும் அதற்குச் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். டிரம்மில் தோலுக்கு விடுகிற மீன் எண்ணெயைக் கொண்டுவந்து தடவினோம். ஒரு தடவை போதும் என்றேன். அவர் மூன்று தடவை தடவினார். தடவும் முன் அந்தச் சிவப்பு அம்பை மட்டும் நகத்தால் மெதுவாக உரித்து எடுத்தார். எங்கே வைத்தார் என்று நான் கவனிக்கவில்லை.

இரண்டாயிரம் பிறந்து ஏழெட்டு வருஷம் ஆனபின் ஒரு பொங்கல் முடிந்து கிளம்பினோம். காட்பாடியில் ரயில் ஏறினோம். இரண்டு பேருக்கும் குரங்குக் குல்லா, சர்ச்சில் யாரோ கொடுத்த ஸ்வெட்டர்கள். பூட்ஸ் ஒரு கோணிப் பையில். டெல்லிக்கு அந்தப் பக்கம் பஸ் போர்டுகளெல்லாம் இந்தி. அவர் ஒவ்வொரு போர்டையும் நின்று பார்த்தார். தமிழும் இங்கிலீஷும் கடகடவென்று படிக்கிற மனுஷன். பிறகு என் தோளில் கை வைத்து, "இங்க நாம ரெண்டு பேரும் ஒரே கிளாஸ்யா," என்றார். அதற்குப் பிறகு வழி முழுக்க நான் கேட்டேன், அவர் பின்னால் வந்தார்.

எங்கள் பக்கத்து பஸ்ஸில் தோல் வாசனைக்கு யாரும் மூக்கைப் பிடிக்க மாட்டார்கள். பாதி பஸ் அந்த வேலைக்குப் போகிற ஜனம்தான். அதனால் அந்த எண்ணெய் மணக்கும் என்பதே எங்களுக்குத் தோன்றவில்லை. சிம்லாவுக்கு மேலே சின்ன பஸ் மாறினோம். குளிருக்கு எல்லா ஜன்னலையும் சாத்தியிருந்தார்கள். எங்கள் சீட் இன்ஜின் பக்கம். சூடு ஏற ஏறக் கோணிப் பையிலிருந்து வாசனை எழுந்தது. முதலில் முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். பிறகு ஒரு அம்மா சால்வையால் வாயை மூடினார். மச்லி, மச்லி என்ற பேச்சு பஸ் முழுக்கப் போயிற்று. கண்டக்டர் வந்து, என்ன மீன் கொண்டு போகிறீர்கள் என்று கேட்டார். மீன் இல்லை, பூட்ஸ் என்றேன். பிரித்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். ஒன்றை மூக்குக்குப் பக்கம் கொண்டுபோய்விட்டு, இது மீன்தான் என்றார். பஸ்ஸே சிரித்தது. கோணிப் பை கூரைக்கு ஏறியது. ஆசீர்வாதம் அதற்குப் பிறகு கூரையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு வந்தார். மரங்களும் பள்ளத்தாக்கும் வெள்ளையாக மாறியதை நான் சொல்லித்தான் திரும்பிப் பார்த்தார்.

நாங்கள் திட்டமிட்ட ராம்பூர் வரை பஸ் போகவில்லை. நார்கண்டாவுக்கு இந்தப் பக்கமே பனி விழுந்து பாதை அடைத்திருக்கிறது என்று எதிரே வந்த லாரிக்காரர்கள் சொன்னார்கள். ஒரு வளைவில் பஸ்ஸை நிறுத்தினார்கள். தகரக் கூரை போட்ட ஒரு டீக்கடை, ஒரு போர்டு, வேறு ஒன்றும் இல்லை. இது என்ன ஊர் என்று கண்டக்டரைக் கேட்டேன். ஊர் இல்லை, ரோடு திரும்புகிற இடம் என்றார். எத்தனையோ வருஷம் பேசின பயணம் பெயர் இல்லாத ஓர் இடத்தில் முடிந்தது. ஆனால் பனி இருந்தது. முழங்கால் ஆழத்துக்கு, கண் கூசும்படி, சத்தமே இல்லாமல் கிடந்தது.

கூரையிலிருந்து பையை இறக்கிப் பிரித்தோம். மூன்று தடவை தடவின எண்ணெய் நெய் மாதிரி உறைந்து, ரோமத்துக்குள் பனி புகுந்து இறுகி, இரண்டு பூட்ஸும் மரக்கட்டை ஆகியிருந்தன. தட்டினால் கதவைத் தட்டுகிற சத்தம் வந்தது. யாராவது ஒரு பெண்ணிடம் கொடுத்துப் போட்டு நடக்கச் சொல்லலாம் என்பதுதான் அவர் நினைப்பாக இருந்தது. அதில் இப்போது எந்தக் கால் நுழையும்? அவர் இரண்டையும் பனி மேல் ஜோடியாக வைத்தார். பிறகு பனியில் மண்டியிட்டார். இரண்டு கைகளையும் இரண்டு பூட்ஸுக்குள் விட்டார். இடது, வலது, இடது, வலது என்று பனி மேல் அவற்றை நடத்திக்கொண்டு போனார். பஸ் ஜனம் டீ கிளாஸோடு வெளியே வந்து பார்த்தது. சிலர் சிரித்தார்கள். அவர் பின்னால் பனியில் ஒரு பெண் நடந்துபோன மாதிரி சின்னச் சின்னத் தடம் விழுந்திருந்தது. அந்தத் தடத்துக்கு இரண்டு பக்கமும் அவருடைய முழங்கால் இழுத்த கோடு.

டீக்கடைக்கார அம்மா கெட்டிலோடு வந்து என்னிடம் ஏதோ கேட்டாள். அவள் பேச்சு எனக்குப் பாதிதான் புரிந்தது. அவருடைய பீவி, அதாவது பெண்டாட்டி, தைத்தது என்று உருதுவில் சொன்னேன். பீவி எங்கே என்றாள். அது புரிந்தது. மண்ணில் என்று சொல்லக் கையைக் கீழே காட்டினேன். அங்கே மண்ணே தெரியவில்லை, எங்கும் பனிதான். ஆனாலும் அவளுக்குப் புரிந்துவிட்டது. கெட்டிலை என் கையில் கொடுத்துவிட்டுப் போய் அவரைத் தூக்கி விட்டாள்.

ஆசீர்வாதம் எழுந்ததும் முதல் வேலையாக பூட்ஸைத் திருப்பிப் பின் தையலைப் பார்த்தார். "இன்னாய்யா, நின்னுச்சா?" என்று கேட்டேன்.

"நிக்குது. ஆனா இது கணக்குல வராது. கையால நடத்தினது. உடம்பு பாரம் எறங்கல."

"இதுக்கு மேல இன்னாய்யா உனக்கு? பாஸ் போட்டுட்டு வா, குளுருது."

"பாக்காததை பாஸ் போட மாட்டேன்."

அந்த அம்மா பூட்ஸை வாங்கிக்கொண்டு போய் அடுப்பருகில் வைத்தாள். அப்போதுதான் அவள் காலைப் பார்த்தேன். கிழிந்த கேன்வாஸ் ஷூ, அதன் மேல் பிளாஸ்டிக் பை சுற்றி நூலால் கட்டியிருந்தாள். அவர் எனக்கு முன்னாலேயே பார்த்திருக்கிறார். செக்கர் கண் அல்லவா? அளவு சரியாக இருக்கும் என்றார். போட்டு நாலடி நடக்கச் சொல்லு, போதும் என்றார். நான் சொன்னேன். அவள் காலை நுழைத்துப் பார்த்தாள், நுழையவில்லை. உருகட்டும், பொறு என்று கையைக் காட்டினாள். அடுப்புச் சூட்டில் வாசனை கிளம்பியதும் சால்வை நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டு எங்களைத் திட்டினாள். திட்டிக்கொண்டே சிரித்தாள். பூட்ஸிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. நாங்கள் இரண்டு பேரும் அந்தச் சொட்டையே பார்த்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

ஹாரன் கேட்டது. மேலே மறுபடி பனி விழுகிறது, பஸ் உடனே கீழே திரும்புகிறது, இதை விட்டால் எப்போது பஸ் என்று தெரியாது என்று கண்டக்டர் கத்தினார். ஜனம் ஓடி ஏறியது. நான் எழுந்து பூட்ஸ் பக்கம் போய் அவரைப் பார்த்தேன்.

"எடுத்துக்கலாமாய்யா? சிம்லாவுல யாரையாவது நடக்கச் சொல்லலாம்."

அவர் பூட்ஸைப் பார்த்தார். அந்த அம்மாவின் காலில் சுற்றியிருந்த பிளாஸ்டிக் பையைப் பார்த்தார். எத்தனை வருஷம், எவ்வளவு தூரம் என்று என் மனசு கணக்குப் போட்டது. அவர் குல்லாவை இழுத்து விட்டுக்கொண்டார்.

"விட்டுட்டு வா, ரத்தினம். செக்கர் பாக்கறதுக்கா அவ தைச்சா? போட்டுக்கத்தான் தைச்சா."

ஏறினோம். கடைசி சீட்டுதான் கிடைத்தது. பின் கண்ணாடியில் நீர் படர்ந்திருந்தது. அவர் கையால் துடைத்தார், மறுபடி படர்ந்தது. மறுபடி துடைத்தார். பஸ் வளைவில் திரும்பியது. அவ்வளவுதான். சிம்லா வந்தது. இறங்கும்போது, "பனி வெள்ளையா இருக்குமுன்னு நெனச்சேன். நெழல்ல நீலமா இருக்குது," என்றார். செலினிடம் சொல்ல வேண்டியதைத்தான் என்னிடம் சொல்கிறார் என்று புரிந்தது.

ஊர் திரும்பிய பிறகு அவர் தனியாக இருக்க முடியாமல் தங்கை வீட்டுக்கு வாலாஜாபேட்டைக்குப் போய்விட்டார். நான் பெஞ்சில் ஒண்டியாக ஆனேன். அவ்வப்போது பஸ் ஏறிப் போய்ப் பார்ப்பேன். வயசாக ஆக எங்கள் பேச்சு கம்மி ஆயிற்று. உடம்பு, மருந்து, மழை என்று இரண்டு வார்த்தை. பேச்சு தீர்ந்ததும் அவர் கேட்பார்.

"அந்தம்மா போட்டிருப்பாங்களா?"

"போட்டிருப்பாங்க."

"தையல்?"

"நின்னிருக்கும்."

"பாத்தியா?"

"பாக்கல."

"பாக்காம சொல்லாத."

ஒவ்வொரு தடவையும் இதே பேச்சு, இதே வரிசை. ஒரு தடவை பேஜார் ஆகி, "சரிய்யா, பிரிஞ்சிருக்கும், போதுமா?" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. "அதையும் நீ பாக்கலைல்ல?" என்றார். அதற்குப் பிறகு நான் வரிசையை மாற்றவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்பதற்காகவே அவர் என்னை எதிர்பார்த்திருக்கிறார் என்று இப்போது தெரிகிறது. அதற்குப் பதில் சொல்லத்தான் நானும் பஸ் ஏறியிருக்கிறேன். எங்கள் இருவரைத் தவிர அந்த வளைவைப் பார்த்தவர்கள் இந்தப் பக்கத்தில் யாரும் இல்லை. இப்போது நான் மட்டும்தான்.

கல்லறையைப் பார்த்த அன்று அவருடைய தங்கை வீட்டுக்கும் போயிருந்தேன். அவருடைய பொருள் ஏதாவது வேண்டுமா என்று தங்கை கேட்டாள். ஒன்றும் வேண்டாம் என்றேன். அவருடைய மூக்குக் கண்ணாடிக் கூட்டைத் திறந்து காட்டினாள். மூடியின் உள் பக்கத்தில் ஒரு சிவப்பு அம்பு ஒட்டியிருந்தது. சாயம் போய் ரோஸாகி இருந்தது. இது என்ன என்று கேட்டாள். கம்பெனி ஸ்டிக்கர் என்று மட்டும் சொன்னேன். அது அவர்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.

அவரிடமிருந்து எனக்கு மிச்சம் இரண்டுதான். ஒன்று, அந்த வழி. டெல்லி, சண்டிகர், கால்கா, சோலன், சிம்லா, தியோக், அப்புறம் பெயர் இல்லாத ஒரு வளைவு. இன்றைக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன், கேட்கத்தான் ஆள் இல்லை. இன்னொன்று, பாக்காம சொல்லாத என்ற அவருடைய கட்டளை. இந்த மார்கழியில் பெஞ்சு காலையில் சில்லென்று இருக்கிறது. உட்கார்ந்ததும் அந்த முதல் கேள்வி எனக்கே காதில் விழுகிறது. போட்டிருப்பாங்க, நின்னிருக்கும் என்று வாய் வரைக்கும் வருகிறது. சொல்வதில்லை. நான் பார்க்கவில்லை.